காது மெஷினோடு எட்டு விமானம்: டேக் ஆஃப், லேண்டிங்கில் கழற்ற வேண்டுமா?

ஒரு காது மெஷினைப் பற்றிய விமர்சனம் இது. கடையில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் மாட்டிப் பார்த்துவிட்டு எழுதவில்லை. மதுரையிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து டெல்லி, அதே வழியில் திரும்புவது என்று இரண்டு தடவை போய் வந்துவிட்டேன். மொத்தம் எட்டு விமானம். மேலே ஏறும் கொஞ்ச நேரமும் கீழே இறங்கும் கொஞ்ச நேரமும் இந்த மெஷினை என்ன செய்வது என்று தெரியாமல் முதல் தடவை நான் பட்ட பாடு வேறு யாரும் பட வேண்டாம். தேடிப் பார்த்தேன், தமிழில் இதைப் பற்றி ஒன்றும் என் கண்ணில் படவில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கொடைக்கானல் மூஞ்சிக்கல் பக்கம் 32 வருடம் ரேடியோ, டி.வி. ரிப்பேர் கடை வைத்திருந்தேன். பங்களாக்களின் பரணில் கிடந்த வால்வு செட்டிலிருந்து எல்.இ.டி. டி.வி. வரை என் மேஜைக்கு வராத சாமான் இல்லை. காது போய்க்கொண்டிருக்கிறது என்பதும் அந்த மேஜையில்தான் தெரிந்தது. ஒரு நாள் டேப் ரிக்கார்டர் ஒன்றை முடித்து மூடப் போனேன். என்னிடம் வேலை பழகிய பையன், "அண்ணே, இன்னும் ஸ்ஸ்ஸுன்னு இரைச்சல் வருதே" என்றான். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. காதை ஸ்பீக்கரிலேயே வைத்துப் பார்த்தேன். அப்போதும் இல்லை. அவன் திரும்பவும் பிரித்து, ஒரு கெப்பாசிட்டரை மாற்றி, "இப்ப சரியாயிடுச்சு" என்றான். அதுவும் அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அதற்கப்புறம் நாலு வருடம் ஒன்றும் செய்யாமல் இருந்தேன். அது தப்பு, அப்படி இருந்திருக்கக் கூடாது. கடைசியில் மதுரையில் காதுப் பரிசோதனை செய்துகொண்டேன். தாழ்ந்த சுரங்கள் நன்றாகவே கேட்கின்றன. பரிசோதனைத் தாளில் 2,000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் கோடு மலைச்சரிவு மாதிரி இறங்கி, 4,000 ஹெர்ட்ஸில் 65 டெசிபலில் போய் நிற்கிறது. அதாவது உயர்ந்த சுரம் அவ்வளவு சத்தமாக வந்தால்தான் கேட்கும். வயதானவர்கள் நிறையப் பேருக்கு இப்படித்தான். சத்தம் கேட்கும், வார்த்தை விளங்காது. அ, ஆ, ஓ எல்லாம் வந்து சேரும். ச, த, ப எல்லாம் தேய்ந்துவிடும். "தட்டு" என்றாலும் "பட்டு" என்றாலும் எனக்கு ஒன்றுதான். பக்கத்தில் முகத்தைப் பார்த்துப் பேசினால் உதட்டை வைத்து ஊகித்துக்கொள்வேன். ஸ்பீக்கரில் வரும் அறிவிப்பு என்றால் உதடும் இல்லை, ஊகமும் இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், விமானக் கதை முழுக்க இதைச் சுற்றித்தான்.

சரி, மெஷினுக்கு வருவோம். காதுக்குப் பின்னால் உட்காரும் சின்னப் பெட்டி. அதிலிருந்து முடி மாதிரி ஒரு ஒயர் காதுக்குள் போகிறது. அதன் நுனியில் அரிசியளவு ஸ்பீக்கர், அதைச் சுற்றி ரப்பர் குடை. சார்ஜ் ஏற்றும் வகை. புளூடூத் உண்டு, போனில் ஆப் உண்டு. போன் பேச்சு நேராகக் காதுக்குள் வரும். மைக்குக்குப் பதிலாகக் காந்த அலையிலிருந்து சத்தத்தை எடுக்கும் சின்னக் கம்பிச்சுருள், டெலிகாயில், அதுவும் இருக்கிறது. இரண்டு காதுக்கும் சேர்த்து 1,32,000 ரூபாய் கொடுத்தேன். காது கேட்கும் கருவிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, பில்லில் போட்டிருந்தால் கேளுங்கள். பிராண்ட் பெயரை எழுதவில்லை. ஒருவர் காதுக்கு அமைவது இன்னொருவருக்கு அமையாது. பரிசோதனைக் கோட்டைப் பார்த்து, அவரவருக்கு ஏற்றபடி கம்ப்யூட்டரில் திருத்தித் தருவதில்தான் முக்கால்வாசி வேலை இருக்கிறது. இதே மாதிரி புளூடூத் உள்ள, காதுக்குப் பின்னால் மாட்டும் எந்த மெஷினுக்கும் நான் சொல்லப்போவது பெரும்பாலும் பொருந்தும்.

வீட்டில், கடைத்தெருவில், கல்யாண மண்டபத்தில் எல்லாம் இது எப்படி என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் அருமை. என் மனைவி கூப்பிடுவது சமையல்கட்டிலிருந்தே கேட்கிறது. கடைத்தெருவில் பரவாயில்லை. கல்யாண மண்டபத்தில் மேளம் வாசித்தால் எந்த மெஷினாலும் ஒன்றும் ஆகாது. ஆறு மாதம் கழித்து ஒரு தடவை திருத்தம் செய்துகொண்டேன், அதற்கப்புறம் இன்னும் நன்றாக இருக்கிறது. அவ்வளவுதான்.

இப்போது அந்த முதல் விமானம்.

மகள் டெல்லியில் இருக்கிறாள். பேரன் பிறந்ததும் போய்ப் பார்க்கக் கிளம்பினேன். மனைவி முன்னாலேயே ரயிலில் போய்விட்டாள், நான் தனியாக. மதுரையில் ஏறி உட்கார்ந்தேன். பாதுகாப்பு விளக்கம் ஆரம்பிக்கும்போது பணிப்பெண் என் பக்கத்தில் வந்து, காதைக் காட்டி, கழற்றச் சொல்லிச் சைகை செய்தார். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுதான் இருக்கும். அவர் கண்ணுக்கு அந்த ஒயர் இயர்போனாகத் தெரிந்திருக்கிறது. விளக்கம் நடக்கும்போது பாட்டு கேட்கக் கூடாது, இயர்போனை எடுக்கச் சொல்வது சரிதான். நான் "மெஷின்... காது மெஷின்" என்றேன். அவருக்குத் தமிழ் தெரியவில்லை. எனக்குப் பதற்றம். விமானத்தில் கருவி எதையும் போடக் கூடாது போலிருக்கிறது, நம்மால் எதுவும் ஆகிவிடக் கூடாது என்று இரண்டையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மெஷின் விற்றவர் விமானத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் தைரியமாகப் பதில் சொல்லியிருப்பேன். அவர் சொல்லவில்லை. கூட வந்த புத்தகத்தில் எழுத்து கடுகளவு, தமிழும் இல்லை.

ஏறியது சரியாக ஏறியது. ஆகாயத்தில் இருந்த நேரமெல்லாம் கழற்றியபடியே இருந்தேன். சென்னையில் இறங்கும்போது வெளியே மழை. ஜன்னலில் தண்ணீர் கோடு கோடாக ஓடுகிறது. வீடுகள், ரோடு, லாரி எல்லாம் பக்கத்தில் வந்துவிட்டன. சக்கரம் தொடப்போகிறது என்று நினைத்த நேரத்தில் இருக்கை முதுகோடு என்னைத் தள்ளியது. மூக்கு மேலே போகிறது. திரும்பவும் மேகத்துக்குள் போய்விட்டோம். கேபின் ஸ்பீக்கரில் ஒரு ஆண் குரல் பேசுகிறது. பேசுகிறார் என்பது மட்டும் தெரிகிறது. தூரத்து மண்டபத்தில் மைக் டெஸ்ட் செய்வது மாதிரி ஒரு முனகல். முன் வரிசையில் ஒரு அம்மா கையைக் கூப்பிக்கொண்டார். ஒருவர் தலையைத் திருப்பி மனைவியிடம் ஏதோ சொன்னார். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன், யாராவது ஒருவர் முகத்தில் விவரம் இருக்குமா என்று.

பையிலிருந்து மெஷினை எடுத்து மாட்டக் கை போனது. கை நடுக்கத்தில் ஒன்று நழுவி இருக்கைக்கு அடியில் விழுந்தது. குனிய முடியாது, பெல்ட். பக்கத்து இருக்கையில் இருந்த இளைஞர் என்னைக் கவனித்தார். எனக்குக் காது கேட்காது என்று புரிந்திருக்க வேண்டும். தன் போனில் தமிழிலேயே டைப் செய்து என் முகத்துக்கு நேராகக் காட்டினார்: "பயப்படாதீங்க ஐயா. முன்னாடி இறங்கின விமானம் இன்னும் ரன்வேயை விட்டுப் போகல. ஒரு சுத்து சுத்திட்டு இறங்குவாங்க. பத்து நிமிஷம்." நான் அதை இரண்டு தடவை படித்தேன். இறங்கியதும் அவரே குனிந்து இருக்கைக்கு அடியிலிருந்து மெஷினை எடுத்து, தன் கைக்குட்டையில் துடைத்துக் கொடுத்தார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. இதைப் படித்தால் என் நன்றியை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

சென்னையில் அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கும்போது மகளோடு வீடியோவில் பேசினேன். சொன்னதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்பா, அது இயர்போன் இல்லப்பா, அது உங்க காது. அதை ஏம்ப்பா கழட்டினீங்க?" என்றாள்.

அந்தக் கேள்விக்குச் சரியான பதில் தேடித்தான் பழைய தொழில் புத்தியைத் தட்டி எழுப்பினேன்.

விமானத்தில் கருவிகளை அணைக்கச் சொல்வது மூடநம்பிக்கை என்று சிலர் பேசுகிறார்கள். ரேடியோக்காரனாக அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1960களில் அமெரிக்காவில் முதலில் தடை வந்தது கையில் எடுத்துப்போகும் எஃப்.எம். ரேடியோவுக்கு. ரேடியோ அலையை வாங்கத்தானே செய்கிறது, எதையும் அனுப்பாதே என்று தோன்றும். பிரித்துப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். பெரும்பாலான எஃப்.எம். செட்டுகள் தாங்கள் பிடிக்கும் நிலையத்துக்கு மேலே 10.7 மெகாஹெர்ட்ஸ் கூட்டி உள்ளேயே ஒரு சின்ன அலையை உண்டாக்கிக்கொள்ளும். நம் கொடைக்கானல் வானொலியான கோடை பண்பலை 100.5. அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் டிரான்சிஸ்டருக்குள் 111.2 மெகாஹெர்ட்ஸ் ஓடிக்கொண்டிருக்கும், அதில் துளி வெளியிலும் கசியும். விமானம் ஓடுபாதையின் நடுக்கோட்டைப் பிடித்து இறங்குவதற்குத் தரையிலிருந்து வரும் வழிகாட்டி அலை 108-க்கும் 112-க்கும் நடுவில் இருக்கிறது. நம் ரேடியோ போய் நேராக அந்த வீட்டு வாசலில் நிற்கிறது. அந்த வழிகாட்டி அலையில் 90 ஹெர்ட்ஸ், 150 ஹெர்ட்ஸ் என்று இரண்டு சுரங்கள் உண்டு. எது ஓங்கிக் கேட்கிறது என்பதை வைத்து, இடப்பக்கம் விலகியிருக்கிறோமா வலப்பக்கமா என்று விமானத்திலுள்ள கருவி கண்டுபிடிக்கும். இரண்டும் சமமாக இருந்தால் நடுக்கோட்டில் இருக்கிறோம். மேகத்துக்குள் கண் தெரியாமல் இறங்கும்போது அதுதான் கைப்பிடி. அதைக் கலைக்கக் கூடாது என்று நினைத்தவர்கள் மேல் எனக்கு மரியாதைதான்.

செல்போன் கதை வேறு. 2ஜி காலத்தில் ரேடியோ பக்கத்தில் போன் இருந்தால், மணி அடிப்பதற்கு முன்னாலேயே "டட்டட்-டட்டட்-டர்ர்ர்" என்று ரேடியோ அலறும், நினைவிருக்கிறதா? அந்தப் போன் நொடிக்கு 217 தடவை விட்டு விட்டு அலையை வீசுவதால் வரும் சத்தம் அது. உச்சத்தில் 2 வாட் வரை போகும். விமானிகளின் ஹெட்போனிலும் அதே டர்ர்ர் கேட்கும். டெலிகாயிலில் வைத்த காது மெஷினிலும் கேட்கும், என் காதிலேயே கேட்டிருக்கிறேன். டவர் தொலைவாகப் போகப் போகப் போன் முழு பலத்தோடு கத்தும். அதனால் போனை ஃபிளைட் மோடில் வையுங்கள், இதில் வாதமே வேண்டாம். 5ஜி வந்தபோதும் இதே கவலைதான். விமானம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளக்கும் கருவி 4.2 முதல் 4.4 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. 2022 நவம்பரில் நம் தொலைத்தொடர்புத் துறை, ஓடுபாதையின் இரண்டு முனையிலிருந்தும் 2,100 மீட்டருக்குள் 3.3 கிகாஹெர்ட்ஸ் வரிசை 5ஜி டவர் வைக்கக் கூடாது என்று போன் கம்பெனிகளுக்குச் சொன்னது.

காது மெஷின் எங்கே வருகிறது? அது ஒரு மைக், ஒரு ஆம்பிளிஃபயர், ஒரு ஸ்பீக்கர். புளூடூத் இல்லாத பழைய மெஷின் எதையும் வெளியே அனுப்புவதில்லை. புளூடூத் உள்ளதுகூட ஆயிரத்தில் சில பங்கு வாட்டில், 2.4 கிகாஹெர்ட்ஸில், கைக்கெட்டும் தூரத்துக்குப் பேசுகிறது. அமெரிக்க விமான விதி 91.21 கருவிகளைத் தடை செய்துவிட்டு, நாலு சாமானுக்குப் பெயர் சொல்லியே விலக்குக் கொடுக்கிறது: குரல் பதிவுக் கருவி, காது கேட்கும் கருவி, இதயத்தில் வைக்கும் பேஸ்மேக்கர், மின்சார ஷேவர். 2013 அக்டோபர் 31 அன்று போன், டேப்லெட்டை எல்லாம் ஃபிளைட் மோடில் டேக் ஆஃப், லேண்டிங்கிலும் வைத்துக்கொள்ளலாம் என்று அங்கே தளர்த்தியபோது புளூடூத் விசைப்பலகை மாதிரிச் சின்னச் சாமானுக்கும் சரி என்றார்கள். இந்தியாவில் விமானப் போக்குவரத்தை மேற்பார்க்கும் டி.ஜி.சி.ஏ. 2014 ஏப்ரலில் ஃபிளைட் மோடில் உள்ள கருவிகளை எல்லா நேரமும் பயன்படுத்தலாம் என்று அனுமதித்தது. லேப்டாப்பை மட்டும் உள்ளே வைக்கச் சொல்வார்கள். அதற்குக் காரணம் அலை இல்லை, எடை. திடீரென்று குலுங்கினால் அது பறந்து வந்து மண்டையில் அடிக்கும். அவசரத்தில் எல்லோரும் வெளியேற வேண்டுமென்றால் காலில் தடுக்கும். காதுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு கிராம், மூன்று கிராம் சாமான் யாரையும் தடுக்காது. அது இல்லாமல் போனால் "வலப்பக்கக் கதவு வழியா வாங்க" என்று கத்துவது எனக்குக் கேட்காது. அவசரத்தில் காது வேண்டியது டேக் ஆஃபிலும் லேண்டிங்கிலும்தான். அப்போதுதான் நான் அதைக் கழற்றிப் பையில் வைத்திருந்தேன்.

அதற்கப்புறம் ஏழு விமானம் கழற்றாமல் போனேன். எப்படிச் செய்கிறேன் என்று சொல்கிறேன்.

மெஷினுக்கே தனியாக ஒரு ஃபிளைட் மோடு இருக்கிறது. இதைத்தான் எனக்கு யாரும் சொல்லவில்லை. அதில் வைத்தால் புளூடூத் மட்டும் அணையும், காது கேட்பது அப்படியே இருக்கும். என் மெஷினில் அணைத்துவிட்டு, பித்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே போட வேண்டும். விளக்கு நிறம் மாறும் வரை விடக் கூடாது. இரண்டு காதுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். உங்கள் மெஷினில் வேறு மாதிரி இருக்கலாம். பேட்டரி போடும் வகையில் பேட்டரிக் கதவைத் திறந்து மூடச் சொல்வார்கள். வாங்கும் இடத்திலேயே, அவர் முன்னால், உங்கள் கையாலேயே ஒரு தடவை செய்து காட்டிவிட்டு வாருங்கள். நான் ஏறுவதற்கு முன்னால், காத்திருக்கும் கூடத்திலேயே இதை முடித்துவிடுகிறேன். இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டோடு காதைத் தடவிக்கொண்டிருந்தால் பதற்றம்தான் மிஞ்சும்.

நடுவானில், பெல்ட் விளக்கு அணைந்ததும் புளூடூத்தைத் திரும்பப் போட்டு, போனில் ஏற்றிவைத்த நாகசுரக் கச்சேரி ஒன்றைக் காதுக்குள்ளேயே கேட்டேன். போன் ஃபிளைட் மோடில் இருக்கும்போதே புளூடூத்தை மட்டும் தனியாகப் போட்டுக்கொள்ளலாம். இறங்கும் அறிவிப்பு வந்ததும் பழையபடி அணைத்துவிடுவேன். புளூடூத் ஓடினாலும் ஆபத்து ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும், "ஒயர்லெஸ் எல்லாம் அணைச்சிருக்கேன், இது வெறும் காது மெஷின்" என்று யாரிடமும் நேராகப் பார்த்துச் சொல்ல முடிய வேண்டும். அதற்காக அணைக்கிறேன்.

சொல்வதற்கு ஒரு அட்டையும் வைத்திருக்கிறேன். மகள் செய்து கொடுத்தாள். "நான் காது கேட்கும் கருவி அணிந்திருக்கிறேன். இதைக் கழற்ற முடியாது. முக்கிய அறிவிப்பு இருந்தால் தயவுசெய்து என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றிலும். ஏறும்போது வாசலில் நிற்கும் பணிப்பெண்ணிடம் காட்டுவேன். ஏழு தடவையும் யாரும் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. டெல்லியிலிருந்து திரும்பும்போது ஒருவர் என் வரிசைக்கு வந்து, குனிந்து, அவசரக் கதவு எங்கே இருக்கிறது என்று எனக்கு மட்டும் தனியாகக் காட்டிவிட்டுப் போனார். மதுரையில் என்னைக் கழற்றச் சொன்ன அந்தப் பெண்ணும் இந்த அட்டையைப் பார்த்திருந்தால் இப்படித்தான் நடந்திருப்பார் என்று நம்புகிறேன்.

இனி மெஷின் அந்த நேரத்தில் எப்படி வேலை செய்கிறது. மதுரை–சென்னை சின்ன விமானம், இறக்கைக்குக் கீழே காற்றாடி சுற்றும் வகை. அதன் உறுமல் தாழ்ந்த சுரம். எனக்கு மெஷின் இல்லாமலேயே நன்றாகக் கேட்கும். பயந்துகொண்டுதான் மாட்டியிருந்தேன், அதையும் பெரிதாக்கிக் காதைக் கிழிக்குமோ என்று. அப்படி இல்லை. வேகம் எடுக்கும்போது ஓரிரு நொடி இரைச்சல் தெரிந்தது, உடனே யாரோ வால்யூமைத் திருகியது மாதிரி அடங்கிவிட்டது. தொடர்ந்து ஒரே மாதிரி வரும் சத்தத்தை மெஷினே இனம் கண்டு குறைக்கிறது. அந்த உறுமலுக்கு மேலே பணிப்பெண்ணின் அறிவிப்பு முக்கால்வாசி புரிந்தது. பெரிய விமானத்தில் இன்னும் நன்றாக. ஆப்பில் "இரைச்சல்" என்று ஒரு தேர்வு இருக்கிறது, அதைப் போட வேண்டாம். முன்னால் இருப்பவர் பேச்சை மட்டும் எடுத்துக்கொண்டு மேலே இருக்கும் ஸ்பீக்கரைக் குறைத்துவிடுகிறது. "பொது"விலேயே விடுங்கள். இதை மூன்றாவது விமானத்தில்தான் கண்டுபிடித்தேன்.

காது அடைப்பைப் பற்றி மலைக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வத்தலக்குண்டிலிருந்து பஸ் ஏறி டம்டம் பாறை தாண்டும்போது ஒன்று, பெருமாள்மலை பக்கம் ஒன்று என்று காது "டப்" என்று திறக்கும். விமானத்துக்குள் காற்றழுத்தத்தை 8,000 அடி மலைமேல் இருப்பதைவிடக் குறைய விட மாட்டார்கள். கொடைக்கானல் ஏறத்தாழ 7,000 அடி. அதாவது டெல்லி விமானத்தில் உயரே பறக்கும்போது நாம் இருப்பது கிட்டத்தட்ட நம் ஊர்க் காற்றில்தான். ஆனால் மலையடிவாரத்துக் காட்ரோட்டிலிருந்து இரண்டு மணி நேரம் ஏறும் மலையை அது இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் ஏற்றி இறக்குகிறது. ஏறுவது சிரமமில்லை. இறங்குவதுதான் வலிக்கும். காது அடைத்துக்கொண்டால் மெஷினில் வரும் சத்தமும் பானைக்குள்ளிருந்து வருவது மாதிரி ஆகிவிடும், மெஷின் கெட்டுவிட்டதோ என்று தோன்றும். கெடவில்லை. எச்சில் விழுங்குங்கள், கொட்டாவி விடுங்கள், ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொள்ளுங்கள். ரப்பர் குடையில் ஓட்டை உள்ள வகை இருக்கிறது. எனக்கு அதுதான், அதனால் குடைக்கு உள்பக்கத்து அழுத்தம் தானாகவே சமமாகிவிடுகிறது. காதை முழுசாக அடைக்கும் அச்சு போட்டவர்கள், இறங்கும்போது லேசாக ஒரு தடவை இழுத்து விட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். சளி பிடித்திருந்தால் டாக்டரைக் கேட்காமல் ஏறாதீர்கள்.

குறைகளும் உண்டு. தலையை இருக்கையில் சாய்த்தால் மெஷின் "கீ..." என்று விசில் அடிக்கிறது. மைக்கும் ஸ்பீக்கரும் ஒன்றையொன்று கேட்டுக்கொள்வதால் வருவது, ஒலிபெருக்கி வைத்த கூட்டத்தில் வருமே, அதேதான். ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்கினால் பக்கத்தில் இருப்பவர் எழுந்துவிடுவார். கழுத்தைச் சுற்றி வைக்கும் தலையணை வாங்கிய பிறகு இது பாதியாகக் குறைந்தது. ஃபிளைட் மோடிலிருந்து வெளியே வந்தால் இரண்டு காதும் ஒன்றாகப் போனோடு சேருவதில்லை. இடது சேரும், வலது சேராது. இரண்டையும் சார்ஜர் பெட்டியில் வைத்து எடுத்தால் சரியாகிறது. இவ்வளவு விலை கொடுத்த சாமானில் இந்தக் கோளாறு இருக்கக் கூடாது. அந்த விளக்கும் மிகச் சின்னது, பார்வை மங்கியவர்கள் நிறம் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு சத்தம் வைத்திருக்கலாம். காதுக்குள்தானே இருக்கிறது!

பேட்டரி பரவாயில்லை. காலை ஐந்து மணிக்கு மலையிலிருந்து கிளம்பி இரவு ஒன்பதரைக்கு டெல்லி வீட்டுக்குப் போகும் வரை தாங்கியது. இரண்டு மணி நேரம் பாட்டு கேட்டதோடு சேர்த்துத்தான். மூன்று மணி நேரம் கேட்ட அன்று இரவு ஏழரைக்கே "டிங் டிங்" என்று எச்சரித்தது.

சார்ஜர் பெட்டியைப் பற்றி ஒரு கண்டிப்பான வார்த்தை. அதற்குள் லித்தியம் பேட்டரி இருக்கிறது. கவுண்டரில் போடும் பெட்டிக்குள் அதை வைக்கக் கூடாது, கையில்தான் எடுத்துப்போக வேண்டும். பவர் பேங்க்குக்கும் அதே விதி. 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் 74 வாட் மணி வரும், 100 வரை அனுமதி. தீப்பிடித்தால் கேபினில் இருப்பவர்கள் பார்த்து அணைப்பார்கள், சரக்கு அறையில் யார் பார்ப்பது? தலைக்கு மேலே உள்ள பெட்டியில்கூட நான் வைப்பதில்லை, சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்கிறேன். பாதுகாப்புச் சோதனையில் மெஷினைக் கழற்ற வேண்டாம். உலோகம் கண்டுபிடிக்கும் அந்த வாசல் வழியாகப் போனால் மெஷினுக்கு ஒன்றும் ஆகாது. டெலிகாயிலில் வைத்திருந்தால் மட்டும் ஒரு உறுமல் கேட்கும், திடுக்கிட வேண்டாம்.

கொடைக்கானல் பனிக்கும் இந்த மெஷினுக்கும் உள்ள சண்டையை இன்னொரு நாள் எழுதுகிறேன். ராத்திரியில் சிலிகா ஜெல் டப்பாவில் போட்டு வைப்பதை மட்டும் மறக்காதீர்கள்.

வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம். ஐந்துக்கு நாலு கொடுப்பேன். வலது காது சேராமல் அடம்பிடிப்பதற்கும் தமிழில் ஒரு பக்கம்கூட அச்சடித்துக் கொடுக்காததற்கும் ஒன்றைக் குறைக்கிறேன். அந்த ஒரு பக்கத்தை நானே எழுதி வைத்திருக்கிறேன், பெரிய எழுத்தில், படம் போட்டு. கடையை மூடிவிட்டாலும் மேஜை இன்னும் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. மன்னவனூரிலிருந்து ஒரு பெரியவர் போன வாரம் தன் மெஷினை எடுத்துக்கொண்டு வந்தார், வேறு பிராண்ட். மகன் துபாய்க்குக் கூப்பிட்டிருக்கிறானாம். இரண்டு பேரும் உட்கார்ந்து அதன் ஃபிளைட் மோடைக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. நாலு தடவை அவர் கையாலேயே செய்ய வைத்தேன். அட்டை ஒன்றும் எழுதிக் கொடுத்தேன், அதில் அரபியும் சேர்க்கச் சொல்லி மகனுக்கு அனுப்பியிருக்கிறார்.